300 ரூபாய் மோட்டார் சைக்கிள்: ஜி.டி.நாயுடுவின் வாழ்க்கை

கோயம்புத்தூர் சீமையில், சூலூருக்குப் பக்கத்தில் கலங்கல் என்று ஒரு கிராமம் இருக்கிறது. 1893-ம் ஆண்டு மார்ச் மாதம் 23-ந் தேதி அந்த ஊரில் ஒரு விவசாயக் குடும்பத்தில் ஆண் குழந்தை ஒன்று பிறந்தது. தகப்பனார் பெயர் கோபால்சாமி நாயுடு. குழந்தைக்குத் துரைசாமி என்று பெயர் வைத்தார்கள். அந்தக் குழந்தைதான் பிற்காலத்தில் ஜி.டி.நாயுடு என்ற பெயரில் நாடறிந்த மனிதர் ஆனார்.

மின்சார மோட்டார், ரேடியோ, ரேசர், பருத்திச் செடி, கல்லூரி என்று அவர் கை வைக்காத துறை இல்லை. ஆனால் எல்லாவற்றுக்கும் முன்னால் அவர் கை வைத்தது ஒரு பழைய மோட்டார் சைக்கிளில். அவருடைய கதையை அந்த வண்டியில் இருந்து தொடங்குவதுதான் சரி.

பள்ளிக்கூடம் பிடிக்கவில்லை

துரைசாமிக்குத் தாயார் சிறு வயதிலேயே தவறிவிட்டார். பையனைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார்கள். அவனுக்கு அங்கே உட்காரப் பிடிக்கவில்லை. வாத்தியார் கண்ணில் மண்ணை வாரிப் போட்டுவிட்டு ஓடியவன் என்று ஊரில் கதை சொல்வார்கள். அது எவ்வளவு தூரம் உண்மையோ, படிப்பு ஆரம்ப வகுப்புகளோடு நின்றது என்னவோ நிஜம்.

தகப்பனார் அவனைத் தோட்ட வேலையில் போட்டார். வேலைக்கு நடுவே கிடைத்த தமிழ்ப் புத்தகங்களை எல்லாம் அவன் படித்தான். பள்ளிக்கூடத்தில் யாரும் திணிக்க முடியாத படிப்பு, தோட்டத்து மர நிழலில் தானாக வந்தது.

துரையின் வண்டி

ஒரு நாள் ஊர்ப் பக்கம் இதுவரை கேட்டிராத ஒரு சத்தம் கேட்டது. மாடும் இல்லை, குதிரையும் இல்லை. இரண்டு சக்கரத்தின் மேல் ஒரு வெள்ளைக்காரர் உட்கார்ந்திருக்கிறார். வண்டி தானாக ஓடுகிறது. பின்னால் புழுதி பறக்கிறது.

அந்த வெள்ளைக்காரர் பெயர் லங்காஷயர். சர்க்கார் வருவாய்த் துறை அதிகாரி. அவருடைய வண்டி வழியில் கோளாறாகி நின்றுவிட்டது என்றும், அதைத் துடைக்க அவர் மண்ணெண்ணெயும் துணியும் கேட்டார் என்றும், துரைசாமி ஓடிப்போய் அவற்றைக் கொண்டுவந்து கொடுத்தார் என்றும் சொல்வார்கள். துரை எதையோ கழற்றினார், துடைத்தார், மாட்டினார். வண்டி மறுபடி உயிர் பெற்றுப் போய்விட்டது.

கூட்டம் கலைந்தது. துரைசாமியின் மனம் மட்டும் அந்த வண்டியின் பின்னாலேயே போய்விட்டது. வண்டியில் ஏற வேண்டும் என்று ஆசைப்பட்டவர்கள் அந்த ஊரில் பலர் இருந்திருப்பார்கள். துரைசாமிக்கு வந்த ஆசை வேறு. அது எப்படி ஓடுகிறது என்று தெரிந்தாக வேண்டும்!

20 பவுன் விலை

ஆசைப்பட்டால் போதுமா? பணம் வேண்டாமா? தோட்ட வேலையில் காசு சேராது என்று துரைசாமிக்குத் தெரிந்தது. ஊரை விட்டுக் கிளம்பினார். கோயம்புத்தூரில் ஒரு ஓட்டலில் வேலைக்குச் சேர்ந்தார். சாப்பிட வருகிறவர்களுக்கு இலை போட்டுப் பரிமாறுகிற வேலை.

பணக்கார விவசாயியின் பையன் எச்சில் இலை விழும் இடத்தில் நிற்பதா என்று அவர் யோசிக்கவில்லை. ஏறத்தாழ மூன்று வருஷம் அங்கே வேலை பார்த்தார். சம்பளத்தைச் செலவு செய்யாமல் சேர்த்து வைத்தார். பிறகு அதே அதிகாரியிடம் போய், 300 ரூபாய் கொடுத்து அந்த மோட்டார் சைக்கிளை வாங்கினார்.

இன்றைய வாசகர்களுக்கு 300 ரூபாய் சின்னத் தொகையாகத் தெரியலாம். முதல் உலக யுத்தத்துக்கு முன் ஒரு தங்கப் பவுனுக்குச் சர்க்கார் வைத்திருந்த மதிப்பு 15 ரூபாய். அந்தக் கணக்கில் அது 20 பவுன்! வீட்டில் ஒரு கல்யாணத்தை முடிக்கக்கூடிய பணத்தை, வெள்ளைக்காரர் ஓட்டித் தேய்த்த ஒரு பழைய இரும்பு வண்டியில் போட்டார் ஒரு வாலிபர்.

எப்படிப்பட்ட வண்டி?

அது 1912-ம் ஆண்டு மாடல் ரட்ஜ் மோட்டார் சைக்கிள். இங்கிலாந்தில் கவன்ட்ரி என்ற ஊரில் ரட்ஜ் விட்வொர்த் என்ற கம்பெனி இருந்தது. சாதாரண சைக்கிள் செய்து பெயர் வாங்கிய கம்பெனி. 1911-ம் ஆண்டு வாக்கில்தான் அவர்கள் மோட்டார் சைக்கிள் விற்பனையில் இறங்கினார்கள். மூன்றே வருஷத்தில், 1914-ல், மான் தீவில் நடந்த பெரிய பந்தயத்தில் ரட்ஜ் வண்டி முதலாவதாக வந்தது. ஆகவே துரைசாமி வாங்கியது ஏதோ ஒரு ஓட்டை வண்டி அல்ல. அந்தக் காலத்துக்கு மிகப் புதிய யந்திரம்.

ஆனால் இன்றைய வண்டியை மனதில் வைத்துக்கொண்டு அதை நினைக்கக் கூடாது. கனத்த சைக்கிள் ஒன்றின் நடுவே ஒரு எஞ்சினை உட்கார வைத்தது போல் இருக்கும். ஒரே சிலிண்டர். ஏறத்தாழ 500 சி.சி. கொள்ளளவு. எஞ்சின் சக்தியைப் பின் சக்கரத்துக்குக் கொண்டுபோக செயின் கிடையாது. ஒரு பட்டைதான். மழை பெய்தால் பட்டை வழுக்கும். வெயிலில் தளரும். நடு வழியில் அறுந்தும் போகும்.

கிளட்ச், கியர் எல்லாம் அன்று அபூர்வம். பல வண்டிகளை ஓட்டத்தில் தள்ளி, எஞ்சின் பிடித்தவுடன் எகிறி ஏற வேண்டும். விளக்கு வேண்டுமானால் கார்பைடு கல்லில் தண்ணீர் சொட்ட விட்டு, கிளம்புகிற வாயுவைக் கொளுத்த வேண்டும். பெட்ரோல் டின்னில் அடைத்து வரும்.

எல்லாவற்றையும் விட வேடிக்கை எண்ணெய் விஷயம். இன்றைய எஞ்சினில் எண்ணெய் தானாகச் சுற்றி வருகிறது. அன்று அப்படி இல்லை. வண்டி ஓடிக்கொண்டிருக்கும் போதே, சில மைலுக்கு ஒரு தடவை, ஓட்டுகிறவர் கையால் ஒரு சின்ன பம்பை அழுத்தி எஞ்சினுக்கு எண்ணெய் விட வேண்டும். அந்த எண்ணெய் வேலை செய்துவிட்டுப் புகையாகவும் ஒழுகலாகவும் போய்விடும். மறந்தால் பிஸ்டன் சூடேறி சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். அதிகம் விட்டால் பிளக் கறுத்து வண்டி நின்றுவிடும். எவ்வளவு விடுவது என்று புத்தகம் பார்த்துத் தெரியாது. பின்னால் வரும் புகையின் நிறத்தைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

பிரித்துப் போட்டார்

இப்படிப்பட்ட வண்டியை வாங்கிய துரைசாமி அதில் ஏறி ஊர் சுற்றினார் என்று நினைத்தால் அது தப்பு. அவர் செய்த முதல் காரியம், அதைக் கழற்றியது. ஒவ்வொரு ஆணியாக, ஒவ்வொரு திருகாக, முழு வண்டியையும் பிரித்துப் போட்டார்.

அந்த இடத்தில் நம்மை வைத்துப் பார்க்க வேண்டும். மூன்று வருஷச் சம்பளம் தரையில் துண்டு துண்டாகக் கிடக்கிறது. சொல்லிக் கொடுக்க ஆள் இல்லை. ஒரு சாமான் உடைந்தால் கப்பலில்தான் வர வேண்டும். திரும்ப மாட்டத் தெரியாவிட்டால் அது வண்டி இல்லை, பழைய இரும்பு. ஊரார் சிரிப்பார்கள். தகப்பனார் என்ன சொல்வார் என்பதைக் கேட்கவே வேண்டாம்.

மோட்டார் சைக்கிள் எஞ்சினைத் திறந்து பார்த்தவர்களுக்கு அந்தப் பயம் தெரியும். இதை எழுதுகிறவனுக்கு அது நன்றாகவே தெரியும். அம்பத்தூர் எஸ்டேட்டைச் சுற்றியும், பாடி, ஆவடி, பூந்தமல்லிப் பக்கமும் ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பார்த்தால், வாசலில் கோணிச் சாக்கை விரித்துப் பழைய புல்லட்டைக் கழற்றிக்கொண்டிருக்கும் ஆசாமி ஒருவராவது கண்ணில் படுவார். பக்கத்தில் ஒரு டப்பாவில் மண்ணெண்ணெய், கையில் பனியன் வேஸ்ட். வீட்டுக்காரி காப்பி கொண்டுவந்து வைத்தால் ஆறிப் போகும். இத்தனைக்கும் அவருக்குத் தெருக்கோடியில் மெக்கானிக் இருக்கிறார், கூப்பிடு தூரத்தில் லேத் பட்டறை இருக்கிறது, உதிரிச் சாமான் கடை இருக்கிறது. துரைசாமிக்கு ஒன்றுமே இல்லை.

உள்ளே என்ன இருந்தது?

அந்த எஞ்சினைத் திறந்தால் என்ன தெரியும்? கொஞ்சம் பொறுமையாகப் பார்ப்போம். விஷயம் கஷ்டமானது அல்ல.

சிலிண்டர் என்பது ஒரு பக்கம் மூடிய இரும்புக் குழாய். அதற்குள் பிஸ்டன் மேலும் கீழும் போய் வருகிறது. வீட்டில் சைக்கிளுக்குக் காற்றடிக்கும் பம்பை நினைத்துக்கொள்ளுங்கள். பிஸ்டன் முதல் தடவை கீழே இறங்கும்போது பெட்ரோலும் காற்றும் கலந்த ஆவியை உள்ளே இழுக்கிறது. மேலே ஏறும்போது அதை அழுத்துகிறது. அந்தச் சமயம் பிளக்கில் ஒரு தீப்பொறி. ஆவி எரிந்து விரிந்து பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. அந்தத் தள்ளுதான் வண்டியை ஓட்டுகிறது. மறுபடி மேலே ஏறும்போது கரும்புகையை வெளியே துரத்துகிறது. நாலு அடி, ஒரு வேலை. இதற்குத்தான் நாலு ஸ்ட்ரோக் எஞ்சின் என்று பெயர்.

ஆவி உள்ளே வர ஒரு கதவு, புகை வெளியே போக ஒரு கதவு. அவைதான் வால்வுகள். ரட்ஜ் எஞ்சினில் உள்ளே விடும் வால்வு தலைக்கு மேலேயும், வெளியே விடும் வால்வு பக்கவாட்டிலும் இருந்தன. வால்வு சரியாக உட்காராவிட்டால் அழுத்தம் கசியும், வண்டிக்கு மூச்சு வாங்கும். அதை அரைப்பான் பசை தடவி, முன்னும் பின்னும் உருட்டித் தேய்த்து உட்கார வைக்க வேண்டும். சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க ஒரு வழி உண்டு. வால்வின் பின்பக்கத் துவாரத்தில் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டும். ஒரு சொட்டும் ஒழுகாவிட்டால் வேலை முடிந்தது. நூறு வருஷம் ஆகியும் இந்தப் பரீட்சை மாறவில்லை.

தீப்பொறிக்கு அந்த வண்டியில் பாட்டரி கிடையாது. மேக்னட்டோ என்ற சின்னப் பெட்டி உண்டு. காந்தத்துக்கு நடுவே கம்பிச் சுருள் சுழன்று, தானே மின்சாரம் உண்டாக்கும். அதற்குள் இரண்டு சின்ன உலோகப் பொட்டுகள் சேர்ந்து பிரியும். பிரிகிற கணத்தில் பிளக்கில் பொறி பறக்கும். அந்தப் பொட்டுகளில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறினாலும், இடைவெளி கூடிக் குறைந்தாலும் பொறி வராது.

இதிலே பெரிய சூட்சுமம் நேரம். பிஸ்டன் உச்சிக்கு வருவதற்குக் கொஞ்சம் முன்னால் பொறி விழ வேண்டும். வால்வு சரியான சமயத்தில் திறக்க வேண்டும். இதை எல்லாம் பார்த்துக்கொள்வது சில பல்சக்கரங்கள். திரும்ப மாட்டும்போது பல்சக்கரத்தை ஒரே ஒரு பல் தள்ளி மாட்டிவிட்டால் போதும். எல்லாச் சாமானும் சரியாக இருக்கும், எஞ்சின் மட்டும் பிடிக்காது. பிடித்தாலும் பின்னுக்கு உதைக்கும். அனுபவசாலிகளும் முழு நாளைத் தொலைப்பது இந்த ஒரு பல்லில்தான்.

துரைசாமி அந்த வண்டியைத் திரும்பப் பூட்டினார். அது ஓடியது. பல தடவை பிரித்துப் பல தடவை பூட்டினார். படிப்பை ஆரம்ப வகுப்போடு விட்ட பையனுக்கு அந்த ரட்ஜ் வண்டியே பள்ளிக்கூடமாயிற்று. நாளடைவில் யந்திரங்களைப் பழுது பார்க்கத் தெரிந்தவர் என்று அக்கம் பக்கத்தில் பெயர் ஏற்பட்டது.

லட்சம் வந்தது, போனது

இதற்குள் முதல் உலக யுத்தம் வந்துவிட்டது. பருத்தி விலை ஏறியது. துரைசாமி திருப்பூரில் பஞ்சு அரைக்கும் தொழிலில் இறங்கினார். லட்ச ரூபாய்க்கு மேல் சம்பாதித்தார் என்று சொல்வார்கள். அதோடு நிற்காமல் பம்பாய்க்குப் போய்ப் பெரிய பருத்தி வியாபாரிகளோடு மோதினார். அங்கே பணம் போயிற்று. வெறுங்கையோடு ஊர் திரும்பினார்.

யந்திரம் ஏன் நின்றது என்று கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும். பருத்தி மார்க்கெட்டை அப்படிக் கழற்றிப் பார்க்க முடியாது அல்லவா!

ஸ்டேன்ஸ் கொடுத்த பஸ்

கோயம்புத்தூரில் அப்போது சர் ராபர்ட் ஸ்டேன்ஸ் என்ற ஆங்கிலேய முதலாளி இருந்தார். மில், காப்பி, மோட்டார் என்று பல தொழில்கள் அவர் கையில் இருந்தன. எண்பது வயதை நெருங்கிய பெரியவர். அவரிடம் வேலை கேட்டுப் போனார் நாயுடு.

ஸ்டேன்ஸ் இந்த வாலிபரைக் கூலிக்காரராகப் பார்க்கவில்லை. ஒரு பஸ்ஸைக் கொடுத்து, ஓட்டிச் சம்பாதித்துத் தவணையாகப் பணத்தைக் கட்டும்படி ஏற்பாடு செய்தார். வெறுங்கையோடு வந்தவரை நம்பி ஒரு மோட்டார் வண்டியை ஒப்படைப்பது லேசான காரியம் இல்லை. இந்த இடத்தில் நாயுடுவை விட ஸ்டேன்ஸைத்தான் நான் அதிகம் மெச்சுவேன்.

1920-ம் ஆண்டு, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் நடுவே அந்த பஸ் ஓடத் தொடங்கியது. ஏறத்தாழ 40 மைல் தூரம். பழனி முருகனைப் பார்க்கப் போகிறவர்கள் அதுவரை மாட்டு வண்டியிலும் நடையாகவும் போனவர்கள். நாயுடுவே வண்டியை ஓட்டினார். வழியில் நின்றால் கழற்றிப் பார்க்க அவரே இருந்தார். வண்டி வைத்திருந்தவர்களுக்கு அன்று பெரிய செலவு பழுதுச் செலவுதான். முதலாளியே மெக்கானிக்காக இருந்தால் அந்தச் செலவு அவர் பையிலேயே தங்கும். ரட்ஜ் வண்டி கற்றுக் கொடுத்த வித்தை இங்கே காசானது.

ஒரு பஸ் பல பஸ்களானது. யு.எம்.எஸ். என்ற பெயரில் பெரிய கம்பெனி உருவாயிற்று. வண்டிகள் நேரம் தவறாமல் ஓடின. அதுதான் அந்தக் கம்பெனியின் பெருமை. எஞ்சினில் பொறி எப்படிக் குறித்த கணத்தில் விழ வேண்டுமோ, அப்படி பஸ்ஸும் குறித்த நிமிஷத்தில் வந்து நிற்க வேண்டும் என்பதில் நாயுடு கண்டிப்பாக இருந்தார். இந்தியாவிலேயே நன்றாக நடக்கும் பஸ் கம்பெனிகளில் ஒன்று என்று யு.எம்.எஸ். பெயர் வாங்கியது.

மோட்டார் பிறந்தது

பஸ் முதலாளியாக மட்டும் இருந்திருந்தால் நாயுடு பணக்காரராகச் செத்திருப்பார், நாம் மறந்திருப்போம். அவருடைய கை சும்மா இருக்கவில்லை. கோயம்புத்தூர் பீளமேட்டில் இருந்த அவருடைய தொழிற்சாலையில், 1937-ம் ஆண்டு மின்சார மோட்டார் ஒன்று உருவாயிற்று. நாயுடுவும் டி.பாலசுந்தரம் நாயுடுவும் சேர்ந்து செய்தது. இந்தியாவில் செய்யப்பட்ட முதல் மோட்டார் என்று அதைக் குறிப்பிடுவார்கள். பாலசுந்தரம் பிற்பாடு டெக்ஸ்டூல் கம்பெனியை ஆரம்பித்தார். இன்று தமிழ்நாட்டுத் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் கோயம்புத்தூர் மோட்டார்களின் வம்சாவளி அங்கேதான் தொடங்குகிறது.

நாயுடு பல தடவை வெளிநாடு போனார். போன இடத்தில் எல்லாம் தொழிற்சாலைகளைப் பார்த்தார். கையில் காமிரா இருக்கும். 1936-ம் ஆண்டு லண்டனில் ஐந்தாம் ஜார்ஜ் மன்னரின் இறுதி ஊர்வலத்தை அவரே படம் எடுத்தார். காந்தி, நேரு, சுபாஷ் போஸ் ஆகியோரையும் படம் எடுத்திருக்கிறார். ஜெர்மனியில் ஹெய்ல்பிரான் என்ற ஊரில் அவருடைய ரசந்த் ரேசர் தயாராயிற்று. உலர்ந்த பாட்டரியில் ஓடும் சின்ன மோட்டார் வைத்த க்ஷவர யந்திரம்.

இன்னும் பழச்சாறு பிழியும் யந்திரம், மண்ணெண்ணெயில் ஓடும் விசிறி, மோசடி செய்ய முடியாத ஓட்டுப் பதிவு யந்திரம் என்று பல செய்தார். 1941-ம் ஆண்டு, ஐந்து வால்வு ரேடியோவை 70 ரூபாய்க்குச் செய்து தர முடியும் என்று அறிவித்தார். ஒரு முறை சட்டசபைத் தேர்தலிலும் நின்றார். தோற்றுப் போனார். ஓட்டுப் பதிவு யந்திரம் கண்டுபிடித்தவருக்கு ஓட்டு விழவில்லை!

தோட்டத்தையும் அவர் மறக்கவில்லை. பருத்தி, சோளம், பப்பாளி ஆகியவற்றில் புது ரகங்களை உண்டாக்கினார். அவருடைய பண்ணையைப் பார்க்க விஞ்ஞானி சர் சி.வி.ராமனும், மைசூர் எஞ்சினீயர் விஸ்வேஸ்வரய்யாவும் வந்தார்கள். ஒரு தடவை காலை 6 மணிக்கு அஸ்திவாரம் போட்டு மாலை 5 மணிக்கு ஒரு வீட்டையே கட்டி முடித்துக் காட்டினார்.

கல்லூரியில் சண்டை

1944-ம் ஆண்டு நாயுடு மோட்டார்த் தொழிலில் இருந்து விலகினார். தொழிலாளர் நலனுக்கும், படிப்புக்கும், ஆராய்ச்சிக்கும் பணம் ஒதுக்கினார். கோயம்புத்தூரில் தொழிற் பள்ளியும் எஞ்சினீயரிங் கல்லூரியும் ஏற்பட அவருடைய நன்கொடை காரணமாக இருந்தது. அப்போது சென்னை மாகாணக் கவர்னராக இருந்தவர் சர் ஆர்தர் ஹோப். அவர் பெயரையே வைத்தார்கள். 1945-ம் ஆண்டு அந்தக் கல்லூரிக்கு நாயுடுவே பிரின்சிபால்!

யோசித்துப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் இருந்து ஓடியவர், எஞ்சினீயரிங் கல்லூரித் தலைவர்.

அவர் அங்கேயும் சும்மா இருக்கவில்லை. எஞ்சினீயர் படிப்புக்கு எதற்கு நாலு வருஷம் என்று கேட்டார். இரண்டு வருஷம் தாராளமாகப் போதும், மீதி வீண் காலம் என்பது அவர் கட்சி. கழற்றி மாட்டக் கற்றால் பாடம் தானாக வரும் என்று அவர் நினைத்தார். சர்க்கார் ஒப்புக்கொள்ளவில்லை. நாயுடு பதவியை விட்டு வெளியேறினார்.

இதில் யார் கட்சி நியாயம்? கைப்பழக்கம் இல்லாத எஞ்சினீயரால் பிரயோஜனம் இல்லை என்று நாயுடு சொன்னது சரிதான். ஆனால் எல்லாரும் நாயுடு ஆகிவிட முடியாது. வால்வைத் தேய்த்து உட்கார வைக்கக் கை போதும். அந்த வால்வை எந்த உலோகத்தில் செய்தால் சூட்டில் உருகாது என்று கண்டுபிடிக்கக் கணக்கும் ரசாயனமும் வேண்டும். அதற்கு வருஷங்கள் பிடிக்கும். இரண்டு பக்கமும் கொஞ்சம் விட்டுக் கொடுத்திருந்தால் நல்லதொரு படிப்பு முறை கிடைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

அந்தக் கல்லூரி பிறகு இடம் மாறியது. இன்று அரசினர் தொழில்நுட்பக் கல்லூரி என்ற பெயரில் நடக்கிறது. கல்லூரி போனாலும் பெயர் போகவில்லை. அவிநாசி சாலையில் பழைய இடத்தை இன்றும் ஹோப் காலேஜ் என்றே சொல்லி டிக்கெட் வாங்குகிறார்கள்.

2 ஆயிரம் ரூபாய் கார்

நாயுடுவின் வாழ்க்கையில் மனதை வருத்தும் அத்தியாயம் ஒன்று உண்டு. 1952-ம் ஆண்டு அவர் ஒரு சின்ன காரைச் செய்தார். இரண்டு பேர் உட்காரலாம். பெட்ரோல் எஞ்சின். விலை வெறும் 2 ஆயிரம் ரூபாய்.

கார் என்றால் ஜமீன்தாரும் மில் முதலாளியும் வைத்திருப்பது என்று இருந்த காலம். பள்ளி ஆசிரியரும் மளிகைக் கடைக்காரரும் எட்டிப் பிடிக்கக் கூடிய விலையில் ஒரு வண்டியைக் கோயம்புத்தூரில் ஒருவர் செய்து காட்டினார். ஆனால் செய்து விற்க லைசென்சு வேண்டும். 1951-ம் ஆண்டு வந்த தொழில் சட்டத்தின்படி, யார் என்ன தயாரிக்கலாம் என்பதை மத்திய சர்க்கார் தீர்மானித்தது. நாயுடுவின் காருக்கு லைசென்சு கிடைக்கவில்லை. தயாரிப்பு நின்றது.

வெளிநாட்டுச் செலாவணி இல்லாத புதிய நாடு, இரும்பையும் பணத்தையும் சிக்கனமாகப் பங்கிட வேண்டிய நிலை என்று சர்க்கார் தரப்பில் சொல்வதற்கு இருந்தது. இருந்தாலும் அந்தக் கார் தெருவில் ஓடியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

அதே பத்து வருஷங்களில் சென்னையைச் சுற்றி மோட்டார்த் தொழில் முளைத்தது. 1955-ல் இங்கிலாந்துக் கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து என்பீல்டு இந்தியா ஏற்பட்டு, திருவொற்றியூரில் புல்லட் தயாராகத் தொடங்கியது. அம்பத்தூரில் சைக்கிளும் டயரும் செய்தார்கள். பாடியில் 1961-ல் லூகாஸ் டி.வி.எஸ். வந்து, வண்டிகளுக்கு வேண்டிய மின்சாரச் சாமான்களைச் செய்தது. அந்தத் தொழிற்சாலைகளில் வேலை கற்றவர்களும், அவர்களிடம் தொழில் கற்றவர்களும்தான் இன்று அந்தப் பக்கத்துத் தெருக்களில் பட்டறை வைத்திருப்பவர்களில் பலர். சர்க்கார் கதவு திறந்த இடத்தில் தொழில் எப்படிப் பெருகியது என்பதை அங்கே பார்க்கலாம். நாயுடுவின் காருக்கு அந்தக் கதவு திறக்கவில்லை.

கடைசிக் காலம்

கார் போனதோடு அவர் ஓய்ந்துவிடவில்லை. 1967-ம் ஆண்டு கோயம்புத்தூரில் தன் பெயரால் தொழிற் பொருட்காட்சி ஒன்றை நிறுவினார். யந்திரங்களைக் கண்ணாடிக்குள் பூட்டி வைக்காமல், அவை எப்படி வேலை செய்கின்றன என்று பிள்ளைகள் பார்க்க வேண்டும் என்பது அவர் எண்ணம்.

1974-ம் ஆண்டு ஜனவரி மாதம் 4-ந் தேதி ஜி.டி.நாயுடு காலமானார். அப்போது அவருக்கு வயது 80.

2025-ம் ஆண்டு அக்டோபர் மாதம் 9-ந் தேதி அவிநாசி சாலையில் உப்பிலிபாளையத்தில் இருந்து கோல்டுவின்ஸ் வரை 10 கிலோ மீட்டர் நீளமுள்ள மேம்பாலம் திறக்கப்பட்டது. அதற்கு ஜி.டி.நாயுடு பெயர் சூட்டப்பட்டது. பாலம் ஹோப் காலேஜ் வழியாகத்தான் போகிறது.

அதே அவிநாசி சாலையில் அவருடைய காட்சியகம் இருக்கிறது. கோயம்புத்தூர் போகிறவர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார்க்கலாம். அவர் 300 ரூபாய்க்கு வாங்கிய அந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிள் அங்கே நிற்கிறது. கழற்றிய சாமான்கள் எல்லாம் பூட்டிய நிலையில்.